கல் கழித்து

வண்டி இரண்டே முக்கால் லட்சம்.
காற்றுப்பை ஒன்று மட்டும் தொண்ணூறாயிரம்.
“பழசு பாத்துத் தரேண்ணே, முப்பது.
அதுக்கு மேல உங்க ராசி”
என்றான் வில்லாபுரம் ஷேக் மீரான்.

கீழமாசி வீதி அடகுக்கடை வாசலில்
எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன்.
அணைத்தால்
திரும்பக் கிளம்புமென்று யார் கண்டது.

பானெட்டில் நட்சத்திரத்தைப் பார்த்த பையன்
நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.
முதலாளியே எழுந்து,
“சாருக்கு ஒரு காபி சொல்லுடா.
மீட்க வந்தீங்களா?”

வைக்க.

பூங்கோதையின் ஒற்றை வளையல்.
தராசில் எண்கள் தடுமாறி நின்றன.
எட்டு.
“கல் கழிச்சு ஏழரை சார்.”

கண்ணாடிக்கு வெளியே
உட்காரச் சொன்னதுபோல
பின்பக்கம் மெல்ல மெல்ல
தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது பென்ஸ்.
பையனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டேன்.
காபி வரவில்லை.