மின்தடை நேரத்தில் எடுத்த அளவுகள்

தறி ஓடும்போது ரத்த அழுத்தம் கேட்காது.
ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைத்தாலும்
சோமனூர்தான் கேட்கும்.
நிறுத்தச் சொன்னால் கூலி நிற்கும்.
அதனால் என் ஆராய்ச்சிக்கு
மின்வாரியம்தான் நேரம் குறித்துக் கொடுத்தது:
காலை பத்து முதல் பன்னிரண்டு,
சில நாள் மத்தியானம், சொல்லாமல்.
கரண்ட் போனதும் கிட்டுசாமி
டிவிஎஸ் ஐம்பதை உதைப்பான்.
பின்னால் நான், மடியில் பாதரசக் கருவி.

முதல் ஆறு வருஷம் நான் நம்பியது வேறு.
ஊர் ஊராக முகாம் போட்டு
வருஷம் ஒருமுறை எல்லோரையும் சோதித்தால்
சாவு குறையும் என்று
மாலையும் கழுத்துமாக மேடையில் பேசியிருக்கிறேன்.
கணக்கு வந்தது.
முகாம் நடந்த ஊரிலும் நடக்காத ஊரிலும்
பாடை ஒரே எண்ணிக்கை.
"இதைப் போய் எதுக்கம்மா அச்சுக்குக் கொடுக்கறே"
என்றார் துறைத்தலைவர்.
கொடுத்தேன்.
அதற்கு யாரும் மாலை போடவில்லை.

அடுத்தது சின்ன விஷயம்:
மாதாமாதம் வீடு தேடி ஒருத்தி,
ஒரு மலிவு மாத்திரை,
ஊறுகாயைப் பற்றி ஒரு சண்டை.
நாற்பது ஊர்.
இருபதுக்குத்தான் ஆளும் பணமும்.
மிச்ச இருபதுக்கு எப்போதும்போல
ஆரம்ப சுகாதார நிலையம், எப்போதும்போல வரிசை.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு எழுதிப் போட்டு
கேன்டீன் பையனைக் கண்மூடி எடுக்கச் சொன்னேன்.
ஊஞ்சக்காட்டுப்புதூர் வந்தது.
மொட்டையன்வலசு பாட்டிலிலேயே கிடந்தது.
இரண்டுக்கும் நடுவில் ஓர் இட்டேரி,
கிளுவை வேலி,
ஒரே பஸ்.

ஏழு வருஷம்.
சீட்டு விழுந்த ஊர்களில் பக்கவாதம் அறுபத்தொன்று.
விழாத ஊர்களில் எண்பத்தொன்பது.

நெஞ்சைப் பிளந்து தைப்பவர்களுக்கு
தீபாவளிக்குப் பலகாரம் வரும்.
பிழைத்தவருக்கு முகம் உண்டு, மார்பில் தையல் உண்டு.
என் இருபத்தெட்டுப் பேர் யார்?
எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.
சந்தையில் ஒருவர்
இரண்டு கையாலும் தக்காளி பொறுக்குகிறார்.
இரண்டு கையாலும்.
அவராக இருக்கலாம்.
வாய் கோணாமல், ஒரு சொல் குழறாமல்
வெங்காயக்காரரை முழுசாகத் திட்டுகிறாளே,
அவளாகவும் இருக்கலாம்.

முடிவைச் சொல்ல மொட்டையன்வலசுக்குப் போனேன்.
போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.
ராமாத்தாள் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள்.
கயிற்றுக் கட்டிலில் மாரப்பன்,
வலப்பக்கம் விழுந்து மூன்று வருஷம்.
என் பேரேட்டில் அவர்
எண்பத்தொன்பதில் ஐம்பத்திரண்டு.

தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:
"எங்கூருச் சீட்டு வந்திருந்தா
இவரு எந்திரிச்சு நடப்பாருங்களா?"
நடக்கலாம் என்றேன். நடக்காமலும் போகலாம்.
மாத்திரை கொடுத்தும் அறுபத்தொரு பேர் விழுந்தார்கள்.
"சீட்டுப் போட்ட அன்னிக்கு
உங்களுக்கே தெரியாதுங்களா?"
தெரியாது. அதனால்தான் சீட்டு.
நூல் நுனியை நாக்கில் நனைத்தாள்.
"செரிங்க. இப்பத் தெரிஞ்சு போச்சல்லங்க.
அந்த மாத்திரை எங்கூருக்கு
எந்தத் தேதி வருதுங்க?"

எத்தனையோ மாநாடு.
இவ்வளவு நேரான கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.
கோப்பு கோவையிலிருந்து சென்னை போய்த் திரும்ப
இரண்டு வருஷம் நாலு மாசம்.
அதற்குள் மொட்டையன்வலசில் இன்னும் மூன்று பேர்.
ஆய்வுக் காலம் முடிந்த பிறகு விழுந்தவர்கள்,
எந்த அட்டவணையிலும் இல்லை.
டைரியின் பின் அட்டையில் இருக்கிறார்கள், பெயரோடு.

ஆனால் அன்றைக்கு,
நான் வாய் திறக்குமுன் கரண்ட் போனது.
ராமாத்தாள் நூலை விட்டுவிட்டு
பழக்கப்பட்டவள் போலக் கையை நீட்டினாள்.
நூற்று எழுபத்தெட்டு. நூற்று நான்கு.
ஐந்து நிமிஷம் கழித்தும் அதே.
கைப்பையில் எனக்கென்று வைத்திருந்த அட்டையில்
பதினொரு மாத்திரை மிச்சம்.
கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள்.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
எதுவும் கேட்கவில்லை.