விரிவுரை

செவ்வாய்தோறும் மாலை ஏழரைக்கு
மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.
கை உயர்ந்தால் குனிந்து போய்
முழங்கால்களைத் தாண்டி
மோவாய்க்குக் கீழே நீட்டவேண்டும்.
கையில் கொடுத்துவிடக் கூடாது.
கொடுத்தால் திரும்பி வராது என்பது
அரங்கத்துச் சட்டம்.

குரோனிங்கனில் நவம்பர்.
ஆலையில் பீட் கிழங்கு வேகிறது,
ஊரே ஈர மண்ணின் இனிப்பை முகர்கிறது.
நாற்காலி முதுகுகளில் மழைக்கோட்டுகள்
சொட்டுச் சொட்டாய்த் தரையை நனைக்கின்றன.
சைக்கிள் விளக்கை அணைக்க மறந்த ஒருவர்
அது மடியில் சிவப்பாய்ச் சிமிட்டச் சிமிட்ட
பெருவெடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் வாரம் நூற்று நாற்பது பேர்.
காலம் என்றால் என்ன என்று கேட்ட மூன்றாம் வாரம்
அறுபத்திரண்டு.
கணக்குத் தப்பாது,
காப்பிக் கோப்பை கழுவுவதும் நான்தான்.

முன்வரிசையில் எல்ட்யே, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
பதில் தெரிந்த கேள்வியை மட்டுமே கேட்பார்.
மதகுக் காவலராய் இருந்த ட்யார்ட்
இரண்டாம் படத்தில் கண்ணயர்ந்து
கைதட்டலில் விழிப்பார்,
எல்லோரையும்விட ஓங்கித் தட்டுவார்.
சூடேற்றியின் பக்கத்தில் இரண்டு மாணவிகள்.
அவர்கள் அறையில் வெப்பத்துக்குத் தனி வாடகை.

ஐந்தாம் வாரம் பேராசிரியர் ஹாவிங்கா
பலூன் ஒன்றை ஊதினார்.
ரயிலில் வரும்போதே பேனாவால் வைத்த புள்ளிகள்
ஒன்றைவிட்டு ஒன்று விலகின.
நடுவும் இல்லை, ஓரமும் இல்லை,
எங்கிருந்து பார்த்தாலும் எல்லாம் தள்ளிப் போகிறது
என்றார், மூச்சு வாங்க.

கடைசி வரிசையில் ஒரு கை,
பேருந்தை நிறுத்துவது போல் பாதி உயரத்தில்.

என் பெயர் ஹேசீன், என்றாள்.
கிழக்கே, வாயு உறிஞ்சிய நிலத்தின் மேல் வீடு.
நிலம் அவ்வப்போது தோள் குலுக்கும்.
படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல்,
அளக்க அதிகாரி ஒட்டிவிட்டுப் போன கண்ணாடிச் சில்லு.
ஞாயிறுதோறும் பார்த்து எழுதுகிறேன்.
பதினோரு வருடத்தில் நான்கு மில்லிமீட்டர்.
எல்லாமே விரிகிறது என்கிறீர்கள்.
அந்த நான்கில்
பிரபஞ்சத்தின் பங்கு எவ்வளவு,
நிறுவனத்தின் பங்கு எவ்வளவு?

அரங்கம் சிரித்தது.
ட்யார்ட் விழித்து, தப்பான இடத்தில் கைதட்டினார்.

ஹாவிங்கா சிரிக்கவில்லை.
பொறுமையாகவே சொன்னார்:
செங்கல்லைச் செங்கல் பிடித்திருக்கிறது,
பூமியைச் சூரியன் பிடித்திருக்கிறது,
பிடிமானம் உள்ள இடத்தில் வெளி விரிவதில்லை.
உங்கள் சுவரில், அம்மா,
பிரபஞ்சத்தின் பங்கு சுழியம்.

அப்படியானால், என்றாள்,
அதை எழுதித் தருவீர்களா?
நட்டஈட்டு அலுவலகத்தில் கேட்டால்
காரணம் பலவாக இருக்கலாம் என்கிறார்கள்.
ஒன்றையாவது அடித்துவிடலாமே.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.
மைக் அவள் கையில் இருந்தது.
எப்போது கொடுத்தேன் என்று தெரியவில்லை.

பேராசிரியர் பைகளைத் தடவினார்.
புள்ளி வைத்த அதே பேனா.
குறிப்புத் தாளின் பின்பக்கம்
மேடை விளிம்பில் உட்கார்ந்து எழுதினார்,
ஒரு வரிதான், ஆனால் நேரம் எடுத்தது.
ஒரு சொல்லை அடித்து
அதற்கு மேல் இன்னொன்று.
தேதி போட்டாரா என்று அவள் பார்த்தாள்.
போடவில்லை. போட வைத்தாள்.
மைக்கைத் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

ஆறாம் வாரம் தலைப்பு:
ஏன் எதுவுமே இல்லாமல் போகவில்லை.
ஐம்பத்தொரு பேர். அவள் வரவில்லை.
எல்ட்யே ஒரு கேள்வி கேட்டார்,
பதிலையும் அவரே முடித்து வைத்தார்.
வேறு யாராவது, என்றார் ஹாவிங்கா.
கடைசி வரிசையைப் பார்த்தார்,
நானும் பார்த்தேன்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
கையே எழாத அந்த அரை நிமிடம்
அரங்கம் முழுக்கக் கேட்டது
நான் மூச்சு விடுவது.