பெட்ரோல் மூடி

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்,
பிடுங்கிய பல்லைக் கொண்டுவருகிறவர் போல.
அவிழ்த்தார்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்ரோல் மூடி.
பச்சை என்றால் சாம்பல் கோபிக்கும்,
சாம்பல் என்றால் பச்சை.

பஞ்சிகாவத்தையில் காலை பத்து மணி.
எதிர்க்கடையில் ஒரு சைலன்சரை
யாரோ அறைந்துகொண்டிருந்தார்கள்.
"நோனா வெள்ளிக்கிழமை மெல்பேர்ன்ல இருந்து வாறாங்க.
அதுக்குள்ள அந்தக் கதவு
ஒண்டுமே நடக்காத கதவா இருக்கணும், தங்கச்சி."

எதில் பட்டது என்று நான் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்: ஹம்டன் ஒழுங்கை, ஒரு மதில்.
மதில் நடந்து வந்தது போலச் சொன்னார்.

கலர் நம்பரை லொத்தர் சீட்டின் முதுகில்
எழுதி வைத்திருந்தார், ஓர் எழுத்து, மூன்று இலக்கம்.
கம்ப்யூட்டருக்கு அது போதும்.
இத்தனை கிராம் வெள்ளி, இத்தனை நீலம்,
மஞ்சள் ஒரு சொட்டுக்கும் குறைவு என்றது.
கலக்கி, அட்டையில் அடித்து,
தலை காயவைக்கிற மெஷினால் காயவைத்தேன்
(ஈரத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும்).
மூடியைப் பக்கத்தில் வைத்தேன்.
அட்டை இன்று காலை பிறந்தது.
மூடிக்கு வயது பதின்மூன்று.

திருப்பி, ரப்பர் மறைத்திருந்த விளிம்பைக் காட்டினேன்.
வெயில் அறியாத நூலளவு இடம்.
அங்கே மட்டும் அட்டையும் மூடியும் ஒன்று.
"இதுதான் ஒறிஜினல்."
பார்த்தார். மரியாதைக்குத் தலையாட்டினார்.
"ஒறிஜினல் எனக்கு எதுக்கு?
இண்டைக்கு இருக்கிற கலரத் தாங்க."

சரி, அப்படியென்றால்
பகலில் வண்டி எங்கே நிற்கும்?
மெரின் டிரைவில், ஃபிளாட்டுக்கு முன்னால்.
முகம்?
பம்பலப்பிட்டிப் பக்கம்.
அப்போ இடதுபக்கம் ரயில் பாதை,
அதற்கும் அப்பால் கடல், பின்னேர வெயில், உப்பு.
கதவு எந்தப் பக்கம்?
இடது, பின்கதவு.
இந்த மூடி?
கொஞ்சநேரம் பேசவில்லை.
"வலது."
"ஒரே வண்டிதானே?" என்றார் பிறகு.
ஒரே வண்டிதான். இரண்டு நிறம்.

வண்டியோ மாளிகாவத்தை டிங்கரிடம்,
கதவு கழன்று, வயர் தொங்க.
கதவில் இருந்ததைச் சுரண்டிப் புட்டி பூசியாயிற்று.
ஆகவே யாருமே பார்க்காத ஒன்றைக்
கலக்கத் தொடங்கினேன்.
பழுப்பு இரண்டு சொட்டு. கறுப்பு, ஊசி முனையளவு.
மதியச் சாப்பாட்டை ஹாஷிம் நானா
இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.
மூன்று மணிக்குக் கவுண்டரில் ஏழு அட்டைகள்.

ஏழையும் அள்ளிக்கொண்டு வீதிக்கு இறங்கினார்.
திரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான்.
இவர் குந்தினார்.
வாளிக்குப் பக்கத்தில், விடிய ஐந்தரைக்கு,
கதவைக் கழுவுகிறவரின் உயரத்துக்கு.
ஓர் அட்டையைக் கைக்குட்டையால் துடைத்தார்,
அடுத்ததை,
அடுத்ததை.
சரித்துப் பார்த்தார்.
ஐந்தாவதில் கை நின்றது.
அது பிழைத்துப்போன கலவை என்று
எறிய வைத்திருந்தேன்.

"இதேதான்."

ஒரு லீற்றர் அடைத்துக் கொடுத்தேன்.
டின்னில் நம்பர் எழுத இடமிருந்தது.
நம்பர் இல்லை. மரியநாயகம் என்று எழுதினேன்.
மழை ஈரத்தில் அடிக்க வேண்டாம்,
கதவோடு நிறுத்தவும் வேண்டாம்,
பக்கத்துத் தகட்டிலும் ஒரு சாண்
மெல்ல மெல்லக் கரைந்து போகட்டும்,
எங்கே முடிந்ததென்று கண்ணுக்கு அகப்படாமல்.
டிங்கரிடம் சொல்லச் சொன்னேன்.
காசைத் தன் பேர்ஸிலிருந்துதான் எண்ணினார்.
கடைசி இருநூறு குறைந்தது. நானா கையை விரித்து
விடு என்றார்.

"நோனா கண்டுபிடிப்பாங்களா?"

நோனா எந்தக் கதவால் ஏறுவார் என்று கேட்டேன்.

"அந்தக் கதவாலதான்."
முகம் விழுந்தது. பிறகு,
நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே,
மூடியை மறுபடி கைக்குட்டையில் சுற்றியபடி:
"ஆனா திறந்து பிடிக்கிறது நான்.
பிடிச்சிருக்கிற வரைக்கும்
கதவிட வெளிப்பக்கம்
என்னத்தான் பார்க்கும்."