நிரல் எண் பதினான்கு

ருர் ஆற்றோர ஹெர்ன்பெக்,
நகரசபைப் பதிவேடு:
பேருந்து நிறுத்தக் கூரைக்கு என்ன நிறம் என்று
நான்கு பக்கச் சண்டை.
சிவப்புக் கட்சி வெளிநடப்பு.
கறுப்புக் கட்சி மேசையைத் தட்டியது.

அடுத்து, நிரல் எண் பதினான்கு.
ஊரின் சாக்கடை முழுவதையும்
கடல் தாண்டிய முதலீட்டாளருக்குத்
தொண்ணூற்றொன்பது ஆண்டு குத்தகைக்கு விட்டு
அவரிடமே வாடகைக்கு எடுப்பது.
எதிர்ப்பில்லை. மணி 9.40.
பிறகு காபி.

எட்டு வருடமாக என் அட்டவணையில்
கட்சிக்கு ஒரு பத்தி, கடனுக்கு ஒரு பத்தி.
இரண்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
தரவில் பிழை என்கிறார் பேராசிரியர்.

ஓய்வுபெற்ற கருவூலர் ஹில்ட்ரூன் கெஸ்டர்மான்
பிளம் கேக்கை வெட்டியபடி சொன்னார்:
"ஒப்பந்தம் ஆயிரத்து நூறு பக்கம், ஆங்கிலத்தில்.
ஜெர்மனில் எனக்குத் தந்தது எட்டுப் பக்கச் சுருக்கம்.
அதில் மூன்றாம் பக்கம் இல்லை.
நான் கேட்கவில்லை.
தேர்தல் வருடம்.
நீச்சல்குளத்துக்கு ஓடு பதிக்கப் பணம் வேண்டியிருந்தது,
அவர்களுக்கும்
இவர்களுக்கும்."

குளத்தை மூடிப் பதினொரு வருடம்.

கை கழுவ உள்ளே போனேன்.
தண்ணீர் சுழித்து இறங்கியது
எவருடைய குழாய்க்குள்ளோ.
சோப்பு போகுமுன்பே
திருகி மூடினேன்,
எங்கோ ஒரு மீட்டர்
ஓடுகிறாற்போல.