மழைக்கு ஒதுங்குதல்

ஸ்வான்சீயில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
விட்டிருந்தால்தான் செய்தி.

மருந்துக்கடையின் பின்னறையில்
மடிமேல் படிவத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறாள் நெரிஸ்.
வயது: ஐம்பத்து மூன்று.
தொழில்: பேருந்து ஓட்டுநர்.
நாளொன்றுக்கு எத்தனை பிடித்தீர்கள்? பதினெட்டு.
அது வெளியில் சொல்லும் எண்.
எப்போது விட்டீர்கள்?
நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை.
ஏன் மின்சிகரெட்டுக்கு மாறினீர்கள்?
பொருந்தும் கட்டத்தில் குறியிடவும்.

உடல்நலம்.
இருமல் உண்டு.
விடிகாலை நாலரைக்கு வண்டி எஞ்சினுக்கு முன்னால்
இவள் நெஞ்சு கிளம்பிவிடும் என்று
பணிமனையில் கேலி பேசுவார்கள்.
ஆனால் அந்த இருமலுக்கு வயது பன்னிரண்டு.
அதற்காக என்றால் அன்றே விட்டிருக்கலாம்.

பணம்.
ஒரு பெட்டி விலைக்கு
மீனும் வறுவலும் வயிறு முட்டச் சாப்பிடலாம்.
கணக்குத் தெரியாதவள் இல்லை,
சில்லறையைக் கைக்கனத்திலேயே சொல்லிவிடுவாள்.
அந்தக் கணக்கையும்
ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் போடுவாள்.

குடும்பம்.
மகன் லெஸ்டரில்.
போனில் வாடை போகாது.

சுவை.
இங்கே பேனா சற்று நிற்கிறது.
கடையில் ஓஷன் என்ற பையன்
மாம்பழம், தர்ப்பூசணி, நீல ராஸ்பெரி என்று
பெட்டிபெட்டியாக எடுத்துப் பரப்பினான்.
நீல ராஸ்பெரி எந்த ஊரில் காய்க்கும் என்று கேட்டாள்.
அவனுக்கும் தெரியவில்லை.
புகையிலைச் சுவையையே வாங்கி வந்தாள்,
பழைய வீட்டின் சாவியைத்
தூக்கிப்போட மனமில்லாதவள் போல.

கட்டங்கள் தீர்ந்துவிட்டன.

பணிமனைக்குப் பின்னால்
மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் காற்று,
புகைப்பவர்களுக்கென்று ஒரு கொட்டகை.
அங்கே ஆறு பேர் நின்றார்கள் ஒரு காலத்தில்.
யாருக்கு எந்தத் தடம் மாறப்போகிறது,
மேலாளர் ஏன் தாடி வளர்க்கிறார்,
கேரிஸின் விவாகரத்து எந்த மட்டில் இருக்கிறது,
அறிவிப்புப் பலகைக்கு இரண்டு நாள் முந்தி
எல்லாம் அந்தக் கொட்டகைக்கு வந்துவிடும்.

முதலில் போனவன் மெக்கானிக் ஸ்பிஷெக்.
மருத்துவர் ஒரு படத்தைக் காட்டினாராம்.
பிறகு டெக்வென். பிறகு கேரிஸ்.
இட்வலின் மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டாள் என்று கேள்வி.
ஆவி விடுகிறவர்கள் உணவறை வாசலில்
கூரைக்கடியிலேயே நின்றுகொள்ளலாம்,
மேலாளர் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

போன இலையுதிர்காலத்தில்
கொட்டகையில் நெரிஸ் மட்டும்.
கடலிலிருந்து மழை படுக்கைவாட்டில் வந்து
அந்தத் திறந்த பக்கம் வழியாகவே உள்ளே நுழையும்.
நாற்பது அடி தள்ளி அவர்கள் சிரிப்பது தெரிந்தது.
எதற்கென்று கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பாதி சிகரெட்டைக் குட்டையில் போட்டுவிட்டு
நடந்து போய் அவர்களோடு நின்றாள்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
இட்வல் தன் பழைய கருவியைப் பையிலிருந்து எடுத்து
வாயைச் சட்டைக்கையில் துடைத்து நீட்டினான்.
முதல் இழுப்பிலேயே புரையேறியது.
எல்லோரும் சிரித்தார்கள்.
இந்த முறை எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

யோசித்தால், முதல் சிகரெட்டும் அப்படித்தான்.
பதினாறு வயது, பிஸ்கட் ஆலை.
புகைக்கிற பெண்களுக்கு மட்டும்
கூடுதலாக ஐந்து நிமிடம் வெளியே போக அனுமதி.
புகை வேண்டுமென்று யார் அழுதார்கள் அன்று?

படிவத்தின் கடைசியில் "மற்றவை" என்று
ஒரு விரல் நீளக் கோடு.
அதில் "மழை" என்று எழுதினாள்.

மருந்தாளுநர் ஃபரீஹா படித்துவிட்டு
கணினியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.
"உடல்நலம் என்று ஏற்றிக்கொள்ளட்டுமா?"
"ஏற்றிக்கொள்ளுங்கள்."

கைப்பையின் அடியில், குடைக்கும் கீழே,
ஒரு நசுங்கிய பெட்டியில் இன்னும் மூன்று இருக்கின்றன.
அதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.