இடது காது

வார்டு ஆபீஸ் மாடியில் ஓடுவது ஒரே மின்விசிறி.
அதற்கு நேர்கீழே எஞ்சினியர் உட்கார்ந்துவிட்டார்.
மற்றவர்கள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொள்கிறார்கள்.
நான் தட்டச்சுக்கு வந்த ஒப்பந்தக்காரி,
கன்னடத்தில் கேட்டு இங்கிலீஷில் அடித்து
தமிழில் பெருமூச்சு விடுகிறவள்.

பொருள் ஒன்று: பெருந்தொற்றிலிருந்து மீட்சி.
படித்துக்கொண்டே ஹொன்னேகவுடர் இருமினார்.
வருடம் மூன்றாகியும்
எல்லா நாற்காலியும் ஒரு சாண் பின்னால் போயிற்று.
"தூசி, தூசி" என்றார்,
கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல.

மார்க்கெட் தரையில் அன்று வரைந்த
மஞ்சள் வட்டங்களை அழிக்க எட்டாயிரம்.
அதெல்லாம் சனங்க மிதிச்சே போச்சே என்றது பின்வரிசை.
அப்படியானால் அழிந்ததற்கு எட்டாயிரம் என்று
திருத்திக்கொண்டார்கள்.
ஒருமனதாக, என்று அடித்தேன்.

தள்ளுவண்டிகளுக்கு ஆறு மாத வாடகை தள்ளுபடி.
உரிமதாரர் நேரில் வரவேண்டும்.
பெயர் பட்டியலில் இருக்கவேண்டும்.
பட்டியல் போன வருடம் புதுப்பித்தது;
வராதவர்கள் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு.
போட்டது நான்தான்.
நேராகப் போட்டேன்.

பொருள் இரண்டு: நாய்கள்.
இங்கேதான் கூட்டத்துக்கு உயிர் வந்தது.
ஊரடங்கில் இந்தத் தெருவைக் காவல் காத்தது யார்,
நீங்களா, என்று மேசையைத் தட்டினார் காமத் அம்மா.
நூருன்னிசா மகனை நாற்காலிமேல் நிறுத்தி
கால்சராயைச் சுருட்டினாள்.
கெண்டைக்காலில் நாலு பல். ஐந்து ஊசி.
பள்ளிக்குச் சுற்றுவழியில் போகிறானாம்.
அதன்பின் காமத் அம்மாவும் மெதுவாகத்தான் பேசினார்.
முடிவு: இனி தீனி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் மட்டும்,
காலை ஐந்திலிருந்து ஏழு.
நாய்களுக்கு யார் சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது எழுந்தாள் பிலோமினாள்.
கையில் பிளாஸ்டிக் உறை. மூன்று வருடமாக அதே உறை.
புருஷன் சவரிராயன், அல்சூர் ஏரிப் பக்கம் டீ வண்டி.
அந்த மே மாதம்
சோதனை முடிவு வருமுன் முடிவு வந்துவிட்டது.
சான்றிதழில் மூச்சுத்திணறல் என்று மட்டும்.
எந்த நிவாரணத்துக்கும் அந்த மூச்சுத்திணறல் போதவில்லை.

இன்று அவள் பணம் கேட்கவில்லை.
"வண்டி நின்ன எடத்துலயே பன்னு படுத்துக் கெடக்குது.
டிரான்ஸ்ஃபார்மருக்கெல்லாம் வராது.
அங்கயே ரெண்டு ரொட்டி வெச்சா ஃபைன் போடுவீங்களா?"

யார் பன்னு, என்றார் எஞ்சினியர்.
நாய் சார். பெட்டை.

இன்ஸ்பெக்டர் நிங்கப்பா நாய்ப் பதிவேட்டைப் புரட்டினார்.
கனத்த அட்டை, அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு.
பழுப்பு. அறுவை முடிந்தது. ஊசி போட்டது.
இடது காதில் வெட்டு.
பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்பது விதி,
ஆகவே இடத்துக்கென்று ஒரு கட்டம்.
அதில் நீல மையில்:
சவரிராயன் டீ வண்டி, ஏரிக்கரை.
தேதி, ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்.

மின்விசிறி சத்தம் கேட்டது.
என் ஸ்கேல் போகாத பக்கம் அது.

இன்னொரு தடவை படிங்க, என்றாள்.
நிங்கப்பா படித்தார், இம்முறை சத்தமாக.
"அந்தப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

நாய்ப் பதிவேட்டுக்கு நகல் தர விதி இருக்கிறதா?
இல்லை. தரக்கூடாது என்றும் இல்லை.
விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தேன்.
படிவத்தில் ஒரு வரி:
பதிவில் உள்ளவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு.
பேனாவோடு நிமிர்ந்தேன்.
அவள் யோசிக்கவே இல்லை.
"ஒரே அட்ரஸ்னு போடும்மா."

இரண்டு ரூபாய். ரசீது கிழித்தேன்.

பொருள் மூன்று: தெருவிளக்கு.