பாதி பானெட்

கமாலுதீனுக்கு இரவு, எனக்குப் பகல்.
வண்டி ஒன்று:
கருநீல வேகன்-ஆர்,
ஆர்.சி.யில் அவன் பெயர்,
லோனில் என் பெயர்.

காலை ஐந்தரைக்குக் காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில்
சாவி கைமாறும்.
ராத்திரி வண்டிமேல் விழுந்தது
எண்ணூர்ச் சாம்பலா, ஹார்பர்க் கரியா
என்று ஒரு டீக்குப் பந்தயம்.
விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும்.
சாம்பல் மாவாக வழுக்கும்.
கரி பிடித்துக்கொள்ளும்,
கடன் கேட்டு வந்த மச்சான் மாதிரி.

அதை அவன் பழைய கைலியால் துடைக்கிறான்.
காய்ந்த கைலி.
தண்ணி ஊத்திட்டுத் தொடைடா என்றால்
"லாரி என்னிக்கு வருதுன்னு சொல்லு, ஊத்தறேன்."
டியூப்லைட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.
வட்டம் வட்டமாகக் கீறல்,
அவன் கை சுற்றிய வழியெல்லாம்
பெயின்டில் எழுதியிருந்தது.

ஞாயிறு மதியம் ஆப்பை அணைத்துவிட்டு
வண்ணாரப்பேட்டை போனேன்.

முதல் கடையில் கார்னோபா மெழுகு,
வட்டத் தகர டப்பா, எண்ணூற்றைம்பது.
"பிரேசில் பனை சார்."
நுங்கு போடுமா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, டப்பாவை மூடிவிட்டார்.

அடுத்தது ஸ்ப்ரே, இருநூற்று அறுபது,
ஈர வண்டியிலேயே அடிக்கலாம்.
மூன்று மாதம் தாங்கும் என்றது ஸ்டிக்கர்.
எங்கள் உப்புக்காற்றைச் சந்திக்காத ஸ்டிக்கர்.
மூன்று வாரம் என்று மனசுக்குள் திருத்திக்கொண்டேன்.

பிறகு ஒரு பேஸ்ட், முன்னூற்று நாற்பது.
கம்பெனி யாரென்று
கடைக்காரருக்கே சந்தேகம்.
மூடியைத் திறந்து கட்டைவிரல் நகத்தில் பூசி
குழாய்த் தண்ணீரில் காட்டினேன்.
சொட்டு உருண்டு ஓடியது.
முன்னூறுக்குக் கேட்டேன்.
முன்னூற்று இருபதுக்கு முடிந்தது.

துடைக்க என்ன வாங்குவது?
ஷாமி ஈரத்தில் குழந்தை, காய்ந்தால் கருவாடு.
ரப்பர் வைப்பர் வேகம்தான்,
ஆனால் ஒரு மணல் மாட்டினால்
கதவிலிருந்து கதவுக்குக் கோடு போடும்.
எம்.சி. ரோட்டில், எடை போட்டு விற்கிற கடையில்
மைக்ரோஃபைபர் செகண்ட்ஸ் குவித்திருந்தார்கள்.
ஓரத் தையல் முரடாக இருந்ததையெல்லாம் தள்ளினேன்.
மிச்சத்தைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன்.
"கொழந்தைக்காண்ணா?" என்றாள் தராசுப் பெண்.
ஆமாம் என்றேன்.
அரைக் கிலோ.

சாயங்காலம் ஒன்றரை பக்கெட் தண்ணீர்தான் மிச்சம்.
போர் தண்ணீர், வெயிலில் விட்டால்
வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு வைக்கும்.
நிழலுக்கு நகர்த்தி, தேய்க்காமல்
துணியை மேலே விரித்து இழுத்தேன்.
பிறகு மெழுகு.
பானெட்டின் இடது பாதிக்கு மட்டும்.
வலது பாதியை அவன் கைலிக்கு விட்டுவைத்தேன்,
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மழை.
ஐந்தரைக்கு அவன் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தான்.
வலப்பக்கம் தண்ணீர் தட்டையாய்ப் படுத்துக் கிடந்தது.
இடப்பக்கம் ஒவ்வொரு சொட்டும்
தனித்தனியாய் எழுந்து உட்கார்ந்திருந்தது.
ஒன்றை ஊதினான். ஓடியது.
இன்னொன்றை ஊதினான்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பின்சீட்டில் ஒரு புளோயர்,
கம்ப்யூட்டர்த் தூசி ஊதுவது,
அவன் தம்பி கடையிலிருந்து.
கண்ணாடி இடுக்கு, கைப்பிடிப் பள்ளம்,
துணி போகாத இடத்துத் தண்ணீரெல்லாம்
அலறிக்கொண்டு வெளியே வந்தது.
எவ்ளோ வாடகை என்றேன்.
"கணக்குல எழுதாத."

வலது பாதிக்கும் மெழுகு பூசியிருந்தான்,
தோசைக்கு எண்ணெய் ஊற்றுகிற தாராளத்தில்.
காய்ந்து வெளுத்துப்போய்
சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.
எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம்,
ஒரு எழும்பூர் சவாரி நஷ்டம்.
கைலி டிரைவர் சீட்டில் மடித்துக் கிடந்தது,
உட்கார.

இன்றைக்கும் பந்தயம்.
சாம்பல் என்றேன், கரி என்றான்.
விரல் வைத்துத் தேய்த்தோம்.
மெழுகுக்கு மேல் இரண்டுமே வழுக்குகிறது.
டீக்கு ஆளுக்குப் பாதி.